மாலைக்கண் வந்த பூஞ்சைகள்

ஃபைக்கோமைசிஸ் என்று ஒரு பூஞ்சை இருக்கிறது. இருட்டறையில் வளர்த்து, ஒரு பக்கமாக மட்டும் நீல வெளிச்சம் காட்டினால் அதன் தண்டு வெளிச்சத்தை நோக்கி வளையும். ஜன்னலோரத்துத் தொட்டிச்செடியும் அதைத்தான் செய்கிறது என்பீர்கள். சரி, அதே பூஞ்சையைப் பாரஃபின் எண்ணெயில் மூழ்க வைத்து, அதே விளக்கை அதே பக்கத்திலிருந்து காட்டுங்கள். இப்போது அது வெளிச்சத்தை விட்டு விலகி எதிர்ப்பக்கம் வளையும். 1918-இல் யோஹன்னஸ் பூடர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் செய்து காட்டிய சோதனை இது. நூறு வருடத்துக்கு மேலாகியும் இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் துள்ளுகிறது.

விஷயம் இதுதான். அந்தத் தண்டு ஒளி ஊடுருவக்கூடிய ஓர் உருளை. காற்றில் நிற்கும்போது அது ஒரு லென்ஸாக வேலை செய்கிறது. ஒரு பக்கம் விழும் கதிர்கள் உள்ளே போய்க் குவிந்து, எதிர்ப்பக்கச் சுவரில் ஒரு மெல்லிய பிரகாசமான கோடாக விழுகின்றன. ஆக, விளக்குக்கு அருகிலுள்ள சுவரைவிடத் தள்ளியிருக்கும் சுவரில்தான் ஒளி செறிந்திருக்கிறது. ஒளி செறிந்த பக்கம் வேகமாக வளரும். வளர்ந்த பக்கம் நீள, தண்டு மறுபக்கம், அதாவது விளக்கின் பக்கம், சாயும். எண்ணெயின் ஒளிவிலகல் எண் செல்லுக்குள் இருப்பதைவிட அதிகம். எண்ணெய்க்குள் அதே உருளை கதிர்களைக் குவிக்காமல் விரித்துவிடுகிறது. கணக்கு தலைகீழாகிறது, வளைவும் தலைகீழாகிறது. புற ஊதாக் கதிரைக் காட்டினால் எண்ணெய் இல்லாமலே பூஞ்சை விலகி வளையும் என்று 1957-இல் கண்டார்கள். செல்லுக்குள் இருக்கும் காலிக் அமிலம் புற ஊதாவை விழுங்கிவிடுவதால் கதிர் எதிர்ச்சுவர் வரை போய்ச் சேர்வதில்லை.

செடி வளைவதும் பூஞ்சை வளைவதும் பார்வைக்கு ஒன்றுதான். செடியில் நிழல் பக்கம் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் சேர்ந்து அந்தப் பக்கம் நீளுகிறது. பூஞ்சையோ தன் உடம்பையே லென்ஸாக்கி அதே முடிவுக்கு வேறு வழியில் வருகிறது.

இந்தத் தண்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 10 செ.மீ. உயரம்கூட வளரும் இந்தத் தண்டு முழுவதும் ஒரே ஒரு செல். குறுக்கே சுவர் கிடையாது. எண்ணற்ற உட்கருக்கள் ஒரே திரவத்தில் மிதக்கின்றன. தடிமன் சுமார் 0.1 மி.மீ.தான். உச்சியில் வித்துகள் நிறைந்த ஒரு கறுப்பு உருண்டை. அந்தத் தலைக்குக் கீழே இரண்டு மூன்று மி.மீ. நீளமுள்ள பகுதி மட்டும்தான் வளரும். மணிக்குச் சுமார் 3 மி.மீ. வேகம். வளரும்போது தன்னைத்தானே மெல்ல முறுக்கிக்கொண்டே வளரும். ஒளி, புவியீர்ப்பு, காற்று ஆகியவற்றை உணரும். மிக அருகில் ஒரு பொருளை வைத்தால், அது தண்டைத் தொடாமலிருந்தாலும், தண்டு விலகி வளையும். நரம்பு இல்லை, கண் இல்லை, மூளை இல்லை. ஒரு செல்.

அதன் ஒளி உணர்வின் எல்லையைக் கேட்டால் நம்பச் சிரமமாக இருக்கும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு ஒளிக்கே அது வளையத் தொடங்கிவிடும். நிலவில்லாத வானத்தின் நட்சத்திர வெளிச்சமே அதற்குத் தாராளம். அங்கிருந்து ஆயிரம் கோடி மடங்கு பிரகாசம் வரை அதே தண்டு தன்னைச் சரிசெய்துகொண்டு வேலை செய்கிறது. நம் கண் சமாளிக்கும் வீச்சும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இதில் மயங்கியவர்களில் முக்கியமானவர் மாக்ஸ் டெல்ப்ரூக். 1906-இல் பெர்லினில் பிறந்த இயற்பியலாளர். 1932-இல் கோபன்ஹேகனில் நீல்ஸ் போர் ஒளியையும் உயிரையும் பற்றி நிகழ்த்திய உரையைக் கேட்டு உயிரியல் பக்கம் திரும்பியவர். பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்களை எடுத்துக்கொண்டு, மரபியலை எண்ணிக்கையும் தர்க்கமும் கொண்ட அறிவியலாக்கினார். பாக்டீரியாவில் மரபணுப் பிறழ்வுகள் தேவையைப் பார்த்து வருவதில்லை, முன்கூட்டியே தற்செயலாக நிகழ்ந்துவிடுகின்றன என்று 1943-இல் சால்வடோர் லூரியாவோடு சேர்ந்து நிறுவினார். அதற்கும் ஃபேஜ் ஆய்வுகளுக்குமாகத்தான் 1969-இல் அவருக்கு நோபல் பரிசு, லூரியாவோடும் ஆல்ஃபிரட் ஹெர்ஷியோடும் பகிர்ந்து.

ஆனால் பரிசு வந்தபோது அவர் ஃபேஜை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. 1950-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் கால்டெக் ஆய்வு நிறுவனத்தில் ஃபைக்கோமைசிஸுக்கு மாறிவிட்டார். டி.என்.ஏ. வடிவம் வெளியாகி, மூலக்கூறு உயிரியல் பொங்கி எழுந்த நேரத்தில், அதன் தந்தையரில் ஒருவர் பூஞ்சைத் தண்டு வளைவதை அளந்துகொண்டிருந்தார். அவர் நோக்கம் தெளிவாக இருந்தது. உயிர்கள் வெளியுலகை எப்படி உணர்கின்றன என்ற கேள்விக்கு, மரபியலுக்கு ஃபேஜ் போல, மிக எளிய ஓர் உயிர் வேண்டும். ஒரே செல்லில் கண்ணும் தசையும் சேர்ந்திருக்கும் உயிர் வேறு எங்கே கிடைக்கும்?

அந்த முயற்சி தோற்றுப்போனது என்று எழுதுபவர்கள் உண்டு. ஃபேஜ் தந்ததுபோல் பத்தாண்டுக்குள் பெரிய விடை எதையும் இந்தப் பூஞ்சை தரவில்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. அங்கே நடந்த பிறழ்வு ஆய்வைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் ஏன் என்று விளங்கும்.

முதல் சிக்கல் பிறழ்வுகளை உண்டாக்குவதிலேயே இருந்தது. ஃபைக்கோமைசிஸின் ஒரு வித்துக்குள் பெரும்பாலும் மூன்று நான்கு உட்கருக்கள் இருக்கும். ஒன்றில் ஒரு மரபணு பழுதானால் மற்றவை ஈடுகட்டிவிடும். வெளியே எதுவும் தெரியாது. இதற்கு ஸ்பெயின்காரர் என்ரிக்கே செர்டா-ஓல்மெடோவும், இயற்பியலாளர் வெர்னர் ஹைசன்பெர்க்கின் மகன் மார்ட்டின் ஹைசன்பெர்க்கும் டெல்ப்ரூக்கின் மற்ற சகாக்களும் சேர்ந்து வழி கண்டார்கள். நைட்ரசோகுவானிடின் என்ற கடுமையான பிறழ்வூட்டியை வித்துகள் பெரும்பாலும் செத்துப்போகும் அளவுக்குக் கொடுப்பார்கள். பிழைத்த வித்துகளில் பெரும்பாலானவற்றில் ஒரே ஓர் உட்கரு மட்டும் உயிரோடு மிஞ்சியிருக்கும். அந்த உட்கருவில் பிறழ்வு இருந்தால் அதிலிருந்து முளைக்கும் பூஞ்சை முழுவதிலும் அது வெளிப்படும். பிறகு பிழைத்தவற்றை வளர்த்து, எல்லாம் வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்திருக்கும்போது எது மட்டும் சாயாமல் நிற்கிறது என்று தேட வேண்டும். 1973-இல் பெர்க்மன், எஸ்லாவா, செர்டா-ஓல்மெடோ மூவரும் இப்படிக் கிடைத்தவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள்.

வளையாத பூஞ்சைகள் கிடைத்துவிட்டன. ஆனால் அவற்றில் எத்தனை ஒரே மரபணுவில் பழுதானவை, எத்தனை வெவ்வேறு மரபணுக்களில் பழுதானவை? சாதாரணமாக இனக்கலப்புச் செய்து பார்ப்பார்கள். இந்தப் பூஞ்சையில் கலப்பில் உருவாகும் வித்துகள் முளைக்கவே மாதக்கணக்கில் தூங்கும். ஜப்பானியர் தமோட்சு ஊட்டாகி கண்ட வழி என்னை இன்றும் வியக்கவைக்கிறது. இரண்டு பிறழ்வுப் பூஞ்சைகளின் தண்டுகளை வெட்டி, ஒன்றின் நுனியை மற்றதற்குள் செருகி ஒட்டுப்போட்டார். இரண்டின் உட்கருக்களும் ஒரே திரவத்தில் கலந்துவிடும். ஒட்டிலிருந்து புதிதாக முளைத்து வருவது ஒழுங்காக வளைந்தால், பழுதுகள் வெவ்வேறு மரபணுக்களில் இருக்கின்றன என்று பொருள்; ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது. வளையாவிட்டால் இரண்டிலும் ஒரே மரபணு. 0.1 மி.மீ. தடிமனுள்ள தண்டுகளுக்குக் கையால் ஒட்டுப்போடும் பொறுமையை நினைத்துப் பாருங்கள்.

இப்படிப் பிரித்தெடுத்த மரபணுக்களுக்கு மாக்ஸ் டெல்ப்ரூக்கைச் சிறப்பிக்கும் விதமாக ‘மேட்’ என்று பெயர் வைத்தார்கள். காலப்போக்கில் மேட்-ஏ முதல் மேட்-ஜே வரை பத்து சேர்ந்தன.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வீட்டில் ஒரு விளக்கு எரியவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? மின்விசிறி ஓடுகிறதா, பக்கத்து அறை விளக்கு எரிகிறதா என்று பார்ப்போம். எதெல்லாம் சேர்ந்து நின்றுபோயிருக்கிறது என்பதை வைத்தே பழுது பல்பிலா, அறையின் இணைப்பிலா, மெயினிலா என்று சொல்லிவிடலாம். சுவரை உடைத்து வயரைப் பார்க்க வேண்டியதில்லை. டெல்ப்ரூக்கின் கூட்டமும் அதைத்தான் செய்தது. ஒவ்வொரு பிறழ்வுப் பூஞ்சையையும் எடுத்து, ஒளிக்கு வளைகிறதா, புவியீர்ப்புக்கு எதிராக நிமிர்கிறதா, அருகில் வைத்த பொருளை விட்டு விலகுகிறதா, வெளிச்சம் பட்டால் கரோட்டின் என்ற மஞ்சள் நிறமி கூடுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள்.

ஒரு கூட்டம் தனியாகப் பிரிந்தது. மேட்-டி, மேட்-இ, மேட்-எஃப், மேட்-ஜி ஆகியவற்றில் பழுதானவை ஒளிக்கும் சரியாக வளையவில்லை, புவியீர்ப்புக்கும் வளையவில்லை, அருகிலுள்ள பொருளை விட்டும் விலகவில்லை. எல்லா உணர்வும் ஒரே சமயத்தில் கெட்டிருக்க வாய்ப்பில்லை. உணர்வு உள்ளே வந்துவிடுகிறது. அதை வளைவாக மாற்றும் கடைசிப் படியில்தான் கோளாறு. இவற்றை விறைப்புப் பிறழ்விகள் என்றார்கள்.

இன்னொரு கூட்டம் மேட்-ஏ, மேட்-பி, மேட்-சி. இவை புவியீர்ப்புக்கு நன்றாக வளைந்தன. அப்படியானால் வளையும் பொறிக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல பிரகாசமான ஒளிக்கும் வளைந்தன. மங்கிய ஒளிக்கு மட்டும் அசையவில்லை. சாதாரணப் பூஞ்சைக்குப் போதுமான ஒளியைப்போலப் பல ஆயிரம் மடங்கு காட்டினால்தான் திரும்பிப் பார்த்தன. நம் ஊரில் இதற்கு மாலைக்கண் என்று பெயர். ஆய்வாளர்களும் இவற்றை அப்படித்தான் அழைத்தார்கள்.

இந்த மூன்றுக்குள்ளும் ஒரு வேறுபாடு வந்தது. மேட்-ஏ, மேட்-பி பழுதானவற்றில் வெளிச்சம் பட்டால் கரோட்டின் கூடுவதும் கெட்டிருந்தது. மேட்-சி-யில் அது நன்றாக இருந்தது. கரோட்டின் உற்பத்தியும் வளைவும் இரண்டு வெவ்வேறு வேலைகள். இரண்டும் சேர்ந்து கெடுகின்றன என்றால் பழுது பாதை பிரிவதற்கு முன்னால், ஒளியை வாங்கும் வாசலிலேயே இருக்க வேண்டும். மேட்-சி பாதை பிரிந்த பிறகு, வளைவுக்குப் போகும் கிளையில் இருக்க வேண்டும். மேட்-ஏ, மேட்-பி இரண்டும் ஒருசேரப் பழுதான பூஞ்சை கிட்டத்தட்ட முழுப் பார்வையும் இழந்துவிட்டது. மேட்-ஹெச் வேறு மாதிரி: அது பழுதானால் பூஞ்சை வழக்கத்தைவிட அதிகமாக வளையும்.

கவனியுங்கள், இந்தக் கட்டத்தில் இவற்றில் ஒரு மரபணுவின் எழுத்து வரிசைகூட யாருக்கும் தெரியாது. இது டி.என்.ஏ.வை வரிசைப்படுத்தும் கருவிகள் வருவதற்கு முந்தைய காலம். கெட்டுப்போனவற்றை மட்டும் வைத்து, உள்ளே இருக்கும் பாதையின் வரைபடத்தைப் போட்டுவிட்டார்கள்.

ஒளியை வாங்கும் பொருள் எது என்ற சண்டையையும் பிறழ்விகளே தீர்த்தன. பூஞ்சை நீல ஒளிக்கு வளையும் விதத்தை அலைநீளவாரியாக அளந்தால், அந்தக் கோடு பீட்டா கரோட்டினுக்கும் பொருந்துவதுபோல் இருந்தது, ரைபோஃப்ளேவினுக்கும் பொருந்துவதுபோல் இருந்தது. பல பத்தாண்டுகள் இரண்டு கட்சியாக வாதாடினார்கள். தண்டு மஞ்சளாக இருப்பதே கரோட்டினால்தான் என்பதால் அந்தக் கட்சிக்குப் பலம் அதிகம். பிறகு கரோட்டின் தயாரிக்க முடியாத பிறழ்விகள் கிடைத்தன. மஞ்சள் போய் வெளுத்த பூஞ்சைகள். 1977-இல் டெல்ப்ரூக்கும் சகாக்களும் அவற்றுக்கு ஒளி காட்டினார்கள். அவை ஒழுங்காக வளைந்தன. கரோட்டின் கட்சி அதோடு முடிந்தது. ரைபோஃப்ளேவினுக்குப் பதிலாக ரோசியோஃப்ளேவின் என்ற ஒத்த மூலக்கூற்றைப் பூஞ்சைக்குள் செலுத்தி, அது ஒளி வாங்கும் இடத்தில் போய் உட்காருகிறது என்று காட்டிய கட்டுரை 1981-இல் வந்தது. அந்த ஆண்டுதான் டெல்ப்ரூக் மறைந்தார்.

அடுத்த பெரிய நகர்வு வேறொரு பூஞ்சையில் நடந்தது. நியூரோஸ்போரா, மரபியல்காரர்களின் பழைய நண்பன், ஆரஞ்சு நிற வித்துகள் கொண்டது. அதில் ஒளிக்கு மசியாத ஒரு பிறழ்வி உண்டு: வித்துகள் ஆரஞ்சாக இருக்கும், கீழே இழைகள் மட்டும் வெளிச்சம் பட்டும் நிறமேறாமல் வெள்ளை வளையமாகத் தெரியும். ‘வெள்ளைக் காலர்’ என்று பெயர் வைத்தார்கள். 1996-இல் ரோமில் ஜியுசெப்பே மசினோவின் ஆய்வகம் முதல் வெள்ளைக் காலர் மரபணுவைப் பிரித்தெடுத்தது. அடுத்த ஆண்டு இரண்டாவதையும். முதலாவதன் புரதமே ஃப்ளேவினை, அதாவது ரைபோஃப்ளேவின் வகை மூலக்கூற்றை, பிடித்துவைத்திருக்கும் ஒளி ஏற்பி என்று 2002-இல் உறுதியானது. செடிகளின் ஒளிநாட்டத்துக்குக் காரணமான ஃபோட்டோட்ரோப்பினில் ஃப்ளேவினைப் பிடித்துவைக்கும் ‘லவ்’ என்ற பகுதியே இதிலும் இருக்கிறது.

இனி ஃபைக்கோமைசிஸில் தேடுவது எளிதானது என்று நினைப்பீர்கள். ஒரு பெரிய தடை: இந்தப் பூஞ்சைக்குள் வெளியிலிருந்து டி.என்.ஏ.வைச் செலுத்தி நிலைநிறுத்துவது ஆய்வாளர்களைப் பல்லாண்டுகள் தோற்கடித்த வேலை. அதனால் நல்ல மரபணுவைக் கொடுத்துப் பழுதைச் சரிசெய்து காட்டும் வழக்கமான நிரூபணம் இங்கே கைகொடுக்கவில்லை. அலெக்ஸாண்டர் இட்னர்ம், ஜோசப் ஹைட்மன், ஸ்பெயினின் கொரோச்சானோ, எஸ்லாவா முதலியோர் வெள்ளைக் காலரை ஒத்த மரபணுக்களை ஃபைக்கோமைசிஸில் தேடியெடுத்து, பழைய மாலைக்கண் பூஞ்சைகளில் அவை எப்படி இருக்கின்றன என்று பார்த்தார்கள். மேட்-ஏ பழுதான ஒவ்வொரு பூஞ்சையிலும் அவற்றில் ஒரு மரபணு சிதைந்திருந்தது. 2006-இல் அறிவித்தார்கள்: மேட்-ஏ ஒரு நீல ஒளி ஏற்பி, முதல் வெள்ளைக் காலரின் உறவு. 2009-இல் மேட்-பி: இரண்டாம் வெள்ளைக் காலரின் உறவு, மேட்-ஏ-யோடு கைகோத்து நிற்கும் கூட்டாளிப் புரதம்.

பாதை பிரிவதற்கு முன், ஒளி வாங்கும் வாசலில் இந்த இரண்டும் இருக்க வேண்டும் என்று ஒட்டுப்போட்டும் சாய்மானம் அளந்தும் சொன்னது அப்படியே நின்றது. முப்பது வருடத்துக்கும் மேல் பழைய முடிவு. தோல்வி என்று சொல்பவர்கள் இதை ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை?

மேட்-சி இன்னும் காத்திருந்தது. 2017-இல் அது ராஸ் புரதங்களை அடக்கும் வகையைச் சேர்ந்த ஒரு புரதம் என்று தெரியவந்தது. ராஸ் என்பது செல்லுக்குள் செய்தி கடத்தும் ஒரு சுவிட்ச். நம் உடம்பிலும் உண்டு, பல புற்றுநோய்களில் அது பிறழ்ந்திருக்கும். எனக்கு இந்த விடை மிகவும் பொருத்தமாகப் படுகிறது. மேட்-ஏ, மேட்-பி இரண்டும் மற்ற மரபணுக்களை இயக்கும் புரதங்கள். ஒளி பட்ட சில நிமிடங்களில் தண்டு வளையத் தொடங்கிவிடுகிறது. மரபணுவைப் படித்து, புரதம் செய்து, அது போய்ச் சுவரைத் தளர்த்துவதென்றால் நேரம் இடிக்கிறது. வேகமான சுவிட்ச் ஒன்று நடுவில் இருப்பது இயல்பு. இது என் ஊகம்தான்.

மாலைக்கண் பூஞ்சைகள் பிரகாசமான ஒளிக்கு ஏன் வளைகின்றன என்பதற்கும் மரபணுத் தொகுதி ஒரு வாய்ப்பைக் காட்டுகிறது. ஃபைக்கோமைசிஸில் முதல் வெள்ளைக் காலரின் உறவு மரபணுக்கள் மொத்தம் மூன்று; மேட்-ஏ பழுதானாலும் மற்றவை ஓரளவு ஈடுகட்டலாம். 2016-இல் வெளியான முழுத் தொகுதி, இதன் மூதாதை ஒரு காலத்தில் தன் மரபணுக்களைப் பெருமளவில் இரட்டித்துக்கொண்டதையும், அதனால் செய்தி கடத்தும் புரதங்கள் பெருகியதையும் காட்டியது. உறவுப் பூஞ்சையான மியூக்கரிலும் மூன்று உண்டு. அங்கே ஒன்று வளைவுக்கும் இன்னொன்று கரோட்டினுக்கும் என்று வேலையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. கூடுதல் பிரதி இருந்தால் ஒன்று பழசைக் காக்கும், மற்றது புதிதைக் கற்கும்.

இதே குடும்பத்து மரபணு, மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையிலும் இருக்கிறது. அதை நீக்கினால் பூஞ்சை புற ஊதாவைத் தாங்குவதில்லை, நோய் உண்டாக்கும் வலுவும் குறைகிறது என்று 2005-இல் இட்னர்மும் ஹைட்மனும் காட்டினார்கள். ஒளியைப் பார்ப்பது அந்தப் பூஞ்சைக்கு முதலில் ஆபத்தைப் பார்ப்பதாக இருந்திருக்கலாம். வளைவது பின்னால் வந்த கலையாக இருக்கலாம்.

இதை வீட்டில் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஃபைக்கோமைசிஸ் கடையில் கிடைக்காது. ஆனால் அதன் தூரத்துச் சொந்தமான பைலோபோலஸ் குதிரைச் சாணத்திலும் மாட்டுச் சாணத்திலும் தானாக முளைக்கும். தலைக்குக் கீழே நீர் நிறைந்த ஒரு குமிழ் இருக்கும். அதுதான் இதன் லென்ஸ். ஒளி வரும் திசைக்குக் குறிபார்த்து, குமிழ் வெடித்து, வித்துப்பையை இரண்டு மீட்டர் தூரம்வரைகூட எறியும். புதிய சாணத்தை, முடிந்தால் குதிரைச் சாணத்தை, ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, ஈரம் காயாமல் மூடி, ஜாடியைச் சுற்றிலும் கறுப்புத் தாள் ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் சிறு ஓட்டை விட்டு வெளிச்சம் படும் இடத்தில் வையுங்கள். முளைத்திருந்தால் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும்: தாளைப் பிரித்தால் ஓட்டை இருந்த இடத்தைச் சுற்றிக் கண்ணாடியின் உட்புறத்தில் கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக ஒட்டியிருக்கும். பள்ளிக்கூடத்தில் செய்பவர்கள் இரண்டாவது ஜாடி ஒன்றில் ஓட்டைக்கு மேல் சிவப்புக் கண்ணாடித்தாளும் மூன்றாவதில் நீலத்தாளும் ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எதில் புள்ளிகள் குவிகின்றன, எதில் சிதறுகின்றன என்று பிள்ளைகளே எண்ணட்டும். ஜாடியைத் திறந்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்க வேண்டாம்.